அழிக்காமல் விட்ட ஐம்பது

தண்ணி ஆபீஸ் மீட்டரம்மாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. அப்பா அம்மா வைத்த பேர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆபீஸ் ரிக்கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முப்பத்தொரு வருஷமாக வாசல் வாசலாகப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு போகிற வேலை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் சும்மா குரைக்கும், எந்த வீட்டில் நாய் தேவலை மனுஷன்தான் கடிப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. ரிடையர் ஆக இன்னும் நாலே மாசம். முப்பத்தொரு வருஷத்தில் அவள் மேல் ஒரு புகார் கிடையாது, ஒரு விளக்கக் கடிதம் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கக் கூடாதா என்ன? இருக்கட்டுமே.

மீட்டர் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். மீட்டரைத் தொடக்கூடாது. அது என்ன காட்டுகிறதோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு, பெரியதிலிருந்து சின்னதைக் கழி, முடிந்தது வேலை. மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என்பது திருடர்கள் செய்கிற காரியம். அப்படிச் செய்த இரண்டு பேரை அவளே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். இந்தச் சட்டம் அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வம்பே அங்கேதான் வந்தது, சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், ஒரு நீள மேஜை, சுவரில் ஒரு கண்ணாடி. மனுஷன் தங்கமான மனுஷன். ஒரே ஒரு கிறுக்கு, கட்சிக் கிறுக்கு. அவர் கட்சியின் சின்னம் கத்தரிக்கோல். "தையல்காரன் கத்தரிக்கோலுக்குப் போடாம பின்ன குடைக்கா போடுவான்?" என்று விளையாட்டாகச் சேர்ந்தவர், இருபத்தைந்து வருஷமாக விடவில்லை. வெட்டுத்துணியை வீணாக்காமல் கொடி தைப்பார். தேர்தல் வந்தால் வீட்டில் கொடி காய்கிற கயிற்றில் அவள் சேலை காயப்போட இடம் இருக்காது. இத்தனை பண்ணியும் அந்த வார்டில் கத்தரிக்கோல் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மேலே ஆட்சியிலே அந்தக் கட்சிதான் உட்கார்ந்திருக்கிறது. கீழே இந்த ஒரு வார்டு மட்டும் வளைந்து கொடுப்பதாக இல்லை. ஒவ்வொரு தடவையும் தோற்றபிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். மூன்றாம் நாள், "அடுத்த தடவை பாரேன்" என்பார்.

அவளோ ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறவள். இந்தத் தடவை பூத்துக்கே அவள்தான் பொறுப்பாளி. அதனால் வீட்டில் ஒரு ஒப்பந்தம்: தேர்தல் முடிகிறவரை அவர் ஓட்டுக் கேட்க மாட்டார், அவள் யாருக்குப் போட்டாள் என்று சொல்ல மாட்டாள். "கட்டின பொண்டாட்டி ஓட்டையே வாங்க முடியாதவன் ஊர் ஓட்டை எங்க வாங்கப் போறீங்க?" என்று அவள் சீண்டுவாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி சிரித்துக்கொள்வார்.

ஓட்டுப்பதிவு அன்று காலையில் பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி மெஷினை வைத்தாள். நிஜ ஓட்டு தொடங்கும் முன்னால் கட்சி ஏஜென்ட்டுகளின் கண்ணெதிரே மாதிரி ஓட்டு ஐம்பது போட்டுக் காட்ட வேண்டும். மெஷின் நேர்மையாகக் கூட்டுகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொள்வதற்காக. அன்றைக்கு நேரத்துக்கு வந்து நின்றவன் கத்தரிக்கோல் ஏஜென்ட் ஒருவன்தான். சட்டைப்பையில் எந்நேரமும் சீப்பு இருக்கும், அதனால் பேரும் சீப்பு. குடைக் கட்சிக்கு ஏஜென்ட்டாக வரவேண்டிய ரிடையரான நர்ஸ் பஸ் கிடைக்காமல் பிந்திவிட்டாள். எவ்வளவு நேரம் காத்திருக்கணுமோ அவ்வளவு காத்திருந்துவிட்டு, "சரிப்பா, நீயே அழுத்து" என்றாள் மீட்டரம்மா. சீப்பு அழுத்தினான். கத்தரிக்கோலுக்கு முப்பத்தெட்டு, குடைக்கு எட்டு, கடிகாரத்துக்கு நாலு. சும்மா விளையாட்டுத்தானே என்று அவனும் ஆசை தீர அழுத்திக்கொண்டான்.

கணக்கு சரியாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டுக்கும் பெட்டிக்குள் விழுகிற சின்னச் சீட்டு ஐம்பதையும் எடுத்து, உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்துப் போட்டாள். அடுத்தது மெஷினில் இருக்கிற ஐம்பதை அழிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் தொட்டில் பழக்கம் விடுமா? மீட்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைக் குனிந்து பார்த்தாள். தன் குட்டி நோட்டை எடுத்தாள். 'ஆரம்பம் 50' என்று முத்து முத்தாக எழுதி அடிக்கோடு போட்டாள். வாசல் கதவைத் திறக்கச் சொன்னாள். சீப்பு இதைப் பார்த்தானா பார்க்கவில்லையா என்பது அவனுக்கே வெளிச்சம்.

அன்று முழுக்க அவள் வைத்த பார்வை ஒரு ஈயைக்கூட விடவில்லை. வந்தவர் விரலில் எல்லாம் மை வைத்தாள். சாயங்காலம் பதிவேட்டில் 611 பேர். மெஷினில் 661. ஐம்பது போனால் அறுநூற்றுப் பதினொன்று. கச்சிதம்! படிவத்தில் 611 என்று எழுதி, நகல் ஒன்றை நர்ஸ் கையிலும் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள் மகராசி.

மூன்றாம் நாள் ஓட்டு எண்ணிக்கை. இடம் ஒரு கல்லூரியின் விளையாட்டுக் கூடம். எண்ணிக்கைக்குப் பொறுப்பான தேர்தல் அதிகாரியைப் பற்றி என்ன சொல்ல? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கத்தரிக்கோல் ஏஜென்ட்டுகளுக்கு முன்வரிசை நாற்காலி. குடைக்காரர்களுக்குத் தூணுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் தூண்தான் தெரியும், திரை தெரியாது. கத்தரிக்கோல் முன்னிலை என்றால் மைக்கில் முழங்குவார். குடை முன்னிலை என்றால் மைக்குக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். திரை தெரியவில்லை என்று நர்ஸ் எழுதிக்கொடுத்த புகார் மனுவின் மேல் அவர் டீ கிளாஸை வைத்துக்கொண்டிருந்தார். நான் இட்டுக்கட்டவில்லை, அந்த மனுவில் வட்டமாகக் கறை விழுந்ததை நர்ஸே பார்த்தாள்.

மத்தியானம் மீட்டரம்மா வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. "அம்மா, சார் உடனே கூட்டிட்டு வரச் சொன்னார்." தையல்காரர் வீட்டில் இல்லை. காலையிலேயே கொடிக்கட்டோடு கல்லூரி வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

காற்றுப் போன பந்துகள் குவிந்து கிடந்த ஒரு சின்ன அறையில் அதிகாரி அவளுக்காகக் காத்திருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். தன் தங்கையிடம் பேசுகிற மாதிரி அப்படி ஒரு குழைவு.

"உக்காருங்கம்மா. உங்க பூத்துல மொத்தம் எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்க?"

"அறுநூத்திப் பதினொன்னு சார்."

"மெஷின் அறுநூத்தி அறுபத்தொன்னு காட்டுதே."

"சரியாத்தானே சார் இருக்கு? ஆரம்பம் அம்பது. கழிச்சா..."

அந்தச் சொல்லோடு அவள் வாய் நின்றுபோனது. யார் கழிப்பது? மெஷினுக்கு அவள் நோட்டைப் பற்றி என்ன தெரியும்? அதற்கு ஐம்பதும் ஓட்டு, அறுநூறும் ஓட்டு. டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, பைக்குள் அந்தக் குட்டி நோட்டைத் தேடினாள்.

"பதறாதீங்கம்மா. ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் அதிகாரி. "இன்னும் நாலு மாசத்துல ரிடையர் ஆகறீங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த நேரத்துல சஸ்பெண்டு, விசாரணைன்னு உங்களை அலையவிட எனக்கு மனசு வருமா? இந்தாங்க உங்க படிவம். நடுவுல இருக்கிற ஒன்னுக்கு ஒரு வயித்தைப் போடுங்க, ஆறாயிடும். பக்கத்துல ஒரு கையெழுத்து. உங்க பேரும் கெடாது, என் வேலையும் முடியும்."

"நர்ஸக்கா கையில நகல் இருக்கே சார்."

"நகல்ல தப்பா எழுதிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போச்சு. பதிவேட்டை யார் பிரிச்சு எண்ணப் போறாங்க? உங்க பேச்சு எடுபடுமா, அந்தம்மா பேச்சு எடுபடுமா?"

"சார், இப்ப யாரு முன்னால இருக்காங்க?"

அவர் சிரித்தார். "உங்க பூத்தையும் சேர்த்தா கத்தரிக்கோல் இருபத்திமூணு ஓட்டு முன்னால. உங்க வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்தானே?"

கழிப்பதுதானே அவள் பிழைப்பு. பேனா கைக்கு வருவதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. சீப்பு அழுத்தினதில் கத்தரிக்கோலுக்கு முப்பத்தெட்டு, குடைக்கு எட்டு, வித்தியாசம் முப்பது. இருபத்திமூன்றிலிருந்து முப்பது போனால்? குடை ஏழு ஓட்டில் ஜெயித்திருக்கிறது. ஆக, முழுப் பூசணிக்காயை அவள் கையாலேயே சோற்றில் மறைக்கச் சொல்கிறார்கள், அதையும் உபகாரம் மாதிரி.

ஜன்னல் வழியே கல்லூரி வாசல் தெரிந்தது. செய்தி எப்படியோ வெளியே கசிந்திருக்கிறது. கத்தரிக்கோல்காரர்கள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் வீட்டுக்காரர். கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணத்தில்கூட ஆடாத மனுஷன்! எதிரே வருகிறவர் போகிறவர் கன்னத்தையெல்லாம் கிள்ளிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் அவர் இதற்காகக் காத்திருந்தார். ஒரு ஒன்றுக்கு ஒரு வயிறு போட்டால் அவருக்கும் சந்தோஷம், தனக்கும் மானம். யாருக்குத் தெரியப் போகிறது?

அதிகாரி பேனா மூடியைக்கூடத் தானே கழற்றிக் கொடுத்தார்.

"சார்" என்றாள் கடைசியில், "அன்னிக்கு வந்தவங்க விரல்ல எல்லாம் நான்தான் மை வெச்சேன். அறுநூத்திப் பதினோரு விரல். மீதி அம்பது பேருக்கு விரலே இல்ல சார். அவங்களை நான் எங்கேருந்து கொண்டுவரது?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க..."

அவள் எழுந்துவிட்டாள். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். சந்தைக்கடை மாதிரி இரைச்சல். வாசலில் நின்று "வீட்ல யாரு, மீட்டர்!" என்று கத்திப் பழகின குரல் அது, மைக் எதற்கு? "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க! என் பூத்து மெஷின்ல மாதிரி ஓட்டு அம்பது அழிக்காம இருக்கு. தப்பு மெஷினோடது இல்ல, என்னோடது. சீட்டுப் பெட்டியில அந்த அம்பது கிடையாது, அதை எண்ணிப் பாருங்க!" என்றாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து நர்ஸ் எழுந்து வந்தாள். மெஷினும் படிவமும் ஒத்துப்போகாவிட்டால் சீட்டைத்தான் எண்ண வேண்டும் என்ற விதியை, புத்தகத்தை விரித்துப் பக்கம் காட்டினாள். அதிகாரி மேலே போன் செய்தார். கீழே போன் செய்தார். பெட்டிச் சாவி காணவில்லை என்றார். சாவி அவர் மேஜை மேலேயே இருக்கிறது என்று ஐந்து பேர் கைகாட்டினார்கள். நர்ஸ் அவர் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஊசிக்குப் பயந்து ஓடுகிற நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்தவள். கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள். சீட்டு எண்ணி முடிய ஒரு மணி நேரம். 611. குடை ஏழு ஓட்டில் வெற்றி.

மைக்குக்குப் பழையபடி தொண்டை கட்டிக்கொண்டது. பெட்டியைத் திறக்க அத்தனை நேரம் சாவி தேடிய அதிகாரிக்கு, மீட்டரம்மாவின் சஸ்பெண்டு உத்தரவை டைப் அடிக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. 'கவனக்குறைவு' என்று போட்டிருந்தது. உண்மைதானே, அவள் மறுக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆபீஸ் உத்தரவுக்கு அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. வாசலில் நிற்கிற மனுஷன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவள் காலைப் பின்னுக்கு இழுத்தது.

வாசலில் ஒரே வசவு. "எவளோ ஒரு புத்திகெட்டவ மெஷினைத் துடைக்காம விட்டுட்டாளாம்! விட்டவ வாயை மூடிட்டாவது இருந்தாளா?" என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தவர் சாட்சாத் தையல்காரர்தான்.

"அது நான்தாங்க" என்றாள்.

அவர் தோளிலிருந்த கொடி நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

சீப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, இன்னும் ஒன்னும் கெட்டுப்போகல. அக்கா ஒரு லெட்டர் குடுத்தா போதும். படபடப்புல சொல்லிட்டேன், அம்பது சீட்டு எடுத்தேனா நூறு எடுத்தேனான்னு ஞாபகம் இல்லைன்னு. மீதியை வக்கீல் பாத்துக்குவார். அக்கா சஸ்பெண்டையும் நாங்களே சரிபண்ணிடறோம். நீங்க சொன்னா கேப்பாங்க."

தையல்காரர் அவனையே பார்த்தார். "அந்த முப்பத்தெட்டும் யார் போட்டது?"

"மாதிரி ஓட்டுதானேண்ணே. நான்தான் சும்மா..."

"ஒரே விரலா?"

சீப்பு தலையைச் சொறிந்தான்.

"எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பேன்டா ஒரு ஓட்டுக்கு" என்றார். "தோத்தோம்டா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." அந்த வார்த்தையை அத்தனை வருஷத்தில் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. 'ஏமாத்திட்டாங்க' என்பார், 'மழை கெடுத்திடுச்சு' என்பார். 'தோத்தோம்' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

கொடியைப் பொறுக்கி, தூசி தட்டி மடித்து, கட்டோடு சேர்த்து சைக்கிளின் பின்னால் கட்டினார். ஏறவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தார். அவள் ஒரு எட்டுப் பின்னால் நடந்தாள். இரண்டு தெரு தாண்டினார்கள். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்று இருந்தது.

"என்னங்க" என்றாள் பொறுக்கமுடியாமல். "இத்தனை வருஷ ஆசை. அதுல நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன். ஏதாவது சொல்லுங்களேன்."

அவர் நின்றார். சைக்கிள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஓட்டுப்பதிவு அன்னிக்கு மூணு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். பின்னால சந்துல பெயின்டர் வீட்டுலயும் மாடி வீட்டுலயும் எட்டுப் பேரு. 'ராத்திரி ஷிப்டு பாத்துட்டுப் படுத்திருக்கோம், நாலு மணிக்கு வந்து எழுப்புங்க அண்ணே, வந்து போடறோம்'னு சொல்லியிருந்தாங்க. சித்தே கண்ணசந்தேன். முழிச்சுப் பாத்தா ஆறேகால். பூத்தை மூடியாச்சு."

அவள் சைக்கிளின் மறுபக்கம் வந்து நின்றாள்.

"ஏழு ஓட்டுல தோத்திருக்கோம். எட்டுப் பேரு தூங்கிட்டிருந்தாங்க, நானும் தூங்கிட்டேன். அந்தச் சந்துப் பக்கம் போகவே இந்த மூணு நாளா வெக்கப்பட்டுட்டு இருக்கேன்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ அத்தனை பேர் முன்னாடி நின்னு, வேலை போனாலும் போகுதுன்னு உன் தப்பைச் சொன்ன. நான் என் தப்பைப் பக்கத்துல படுத்திருந்த உன்கிட்டகூடச் சொல்லல."

மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அங்கேதான் அழுதாள். ஆள் நடமாட்டம் உள்ள தெரு, தெரிந்தவர்கள் வாசல், ஒன்றையும் பார்க்கவில்லை. தையல்காரர் சைக்கிளை ஒரு சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கல்யாணமான நாளாகத் தெருவில் செய்யாத காரியமாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.